மாரிகால மேசைக்கு எதை வாங்குவது, எதை விடுவது?
நுகர்வோர் கேள்வி-பதில்

மாரி தொடங்கி, படலையைத் தாண்டினால் முழங்கால் அளவு வெள்ளம் என்றாகிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகிறது. வெயில் காலத்தில் மின்விசிறியும் தவணைக் கட்டணமும் பற்றிக் கேட்டவர்கள், இப்போது கதை எழுத மடிக்கணினி, பாட்டுப் பதிய ஒலிவாங்கி, புத்தகம் போட அச்சகம் என்று கேட்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் பலர் வேலையைத் தொடங்கும் முன்பே கடைக்குப் போய்விட்டார்கள் என்பதும் கடிதங்களில் தெரிகிறது.

கேள்வி: மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கதை எழுதவும் அதற்குப் படம் வரையவும் மடிக்கணினி கேட்கிறாள். கல்முனையில் ஒரு கடையில் பாவித்த 'ஐ5' ஒன்றைப் பார்த்தோம். "ஐ5 என்றால் யோசிக்கவே தேவையில்லை, எல்லா மென்பொருளும் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– ஒரு தந்தை, களுவாஞ்சிக்குடி

பதில்: ஐ5 என்பது கணினிக்குள் மூளையாக வேலை செய்யும் இன்டெல் சில்லின் வகைப்பெயர். அது ஊரின் பெயர் மட்டும்தான் ஐயா, எந்த வீதி, எந்த வளவு என்பதையும் கேட்க வேண்டும். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6200 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10 அல்லது 11 என்று தொடங்கினால் பத்தாம், பதினோராம் தலைமுறை. இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றுக்கொள்வது, இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். பழையதிலும் எப்படியோ ஏற்றித் தருவார்கள். ஏற்றித் தந்தவர் நாளைக்கும் அந்தக் கடையில் இருப்பாரா என்பது வேறு கேள்வி.

அதற்காக ஆறாம் தலைமுறைக் கணினி குப்பை என்று பொருளில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் எழுதவும் வரையவும் தாராளமாகப் போதும். ஆனால் எட்டாம் தலைமுறையின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மின்வெட்டு வரும் நாட்டில் பற்றரி இல்லாத மடிக்கணினி மடியில் வைக்க மட்டுமே உதவும். விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்க வழி உண்டு. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக நிரப்பினால் நிற்கும் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே என்றால், புதுப் பற்றரிக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்குள் வெளிச்சம் அடித்து, பச்சை நிறத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரையோர வீட்டில் இருந்த சாதனமென்றால் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும்.

'எல்லா மென்பொருளும்' என்பது பெரும்பாலும் களவுப் பிரதிகள். அவற்றோடு வைரஸும் இலவசமாக வரலாம். எழுத லிப்ரே ஒஃபிஸ், வரைய கிரிட்டா, எழுத்துருவோடு அட்டை செய்ய இங்க்ஸ்கேப்: மூன்றும் முறைப்படியே இலவசம். தமிழ்த் தட்டச்சை மட்டும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையில் அமைத்துத் தரச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிவிட்டால், மகள் எழுதிய கதை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

வரைவதற்கென்று தொடுதிரைக் கணினி தேடி அலைய வேண்டாம். சாதாரண மடிக்கணினியோடு இணைக்கும் சிறிய வரைபலகையும் பேனாவும் அதைவிட நன்றாக உதவும். அதையும் அவள் முதல் நான்கு கதைகளை எழுதி முடித்த பிறகு வாங்கலாம்.

பற்றுச்சீட்டில் மாதிரி எண், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பிறகு பிணக்கு வந்தால், 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம், தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்து மூலம், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று கடைக்காரர் நாளைக் கடத்துவது இந்த மூன்று மாதம் கழியட்டும் என்றுதான்.

கேள்வி: என் உம்மாவுக்கு நாட்டார் கவிகள் ஏராளம் மனப்பாடம். இந்த மழையில் இருவரும் வீட்டில்தான் இருக்கிறோம், பதிந்து வைப்போம் என்று சட்டையில் கவ்வும் ஒலிவாங்கி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கைபேசியில் செருகினால் ஒலி பதிவாகவே இல்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
– ஓர் ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: சண்டைக்குப் போகும் முன் ஒரு சோதனை, சகோதரி. கம்பியின் நடுவில் விரல் அளவு கறுப்புக் குழல் ஒன்று இருக்கிறதா? அதில் கமராவுக்கும் கைபேசிக்குமாக ஓர் ஆளி இருக்கும்; அது கைபேசிப் பக்கம் இருக்க வேண்டும். அடுத்து, செருகியின் உலோக முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் கைபேசிக்கு உரியது. இரண்டே என்றால் கமராவுக்கு. உங்கள் கைபேசியில் வட்டத் துளை இல்லாமல் டைப்-சி மாற்றி ஒன்றைப் போட்டிருந்தால், சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள். காதணிக்கருவிக்கு மட்டும் உதவி, ஒலிவாங்கியைக் கண்டுகொள்ளாத மலிவு மாற்றிகள் நிறைய உலவுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் ஒலி இல்லையென்றால், அல்லது 'கைபேசிக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்துவிட்டு இரண்டு வளையச் செருகியை அனுப்பியிருந்தால், குற்றம் விற்றவருடையது. விளம்பரம் அழியும் முன் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பணம் கட்டிய சான்று, பொதி உறை, உரையாடல் ஆகியவற்றோடு அதையும் சேர்த்து முறைப்பாடு கொடுங்கள்.

ஆனால் முறைப்பாட்டின் முடிவுக்காக உம்மாவைக் காக்க வைக்காதீர்கள். கைபேசியின் சொந்த ஒலிவாங்கியே போதும். தகரக் கூரையின் கீழ் மழை கொட்டும்போது எந்த விலை ஒலிவாங்கியும் கவியைவிடத் தகரத்தைத்தான் நன்றாகப் பதியும். மழை விட்ட நேரம் பாருங்கள். துணிகள் நிறைந்த படுக்கையறை நல்ல இடம். மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துவாயின்மேல் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தொடக்கத்தில் உங்கள் குரலில் திகதி, ஊர், உம்மா இந்தக் கவியை யாரிடம் கேட்டுப் பழகினார் என்பவற்றைச் சொல்லுங்கள். நடுவில் அவர் மறந்து தடுமாறினாலும் நிறுத்தாதீர்கள். தடுமாறும் இடத்தில்தான் சில வேளைகளில் இன்னொரு பாடபேதம் வந்து விழும்.

பதிவை வட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பிச் சேமிக்க வேண்டாம், ஒலித்தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எழுத்தில் பெயர்க்கும்போது கைபேசியின் குரல்வழித் தட்டச்சில் 'தமிழ் (இலங்கை)' என்று தெரிவு இருக்கிறது. அது செய்தி வாசிப்பவர் பேச்சுக்குச் சரி. கவியின் சொற்களில் அது செய்யும் கூத்தைப் பார்த்து இருவரும் சிரிக்கலாம். வேலைக்குக் கையால் அடியுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து இலவசமாகப் படிக்கத் தரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்திலும் தேடிப் பாருங்கள். கிழக்கின் கவித் தொகுப்புகள் ஏதாவது கிடைத்தால், உம்மா பாடுவதோடு ஒப்பிடலாம்.

கேள்வி: காணொளிகளைச் சேமிக்க ஒரு டெராபைட் நினைவக அட்டை, நம்ப முடியாத மலிவு விலையில் வந்திருக்கிறது. வாங்கலாமா?
– மாணவர், ஆரையம்பதி

பதில்: நம்ப முடியாத விலை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. சிறிய அட்டையைப் பெரியதாகக் காட்டும்படி மாற்றி விற்கிறார்கள். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் புதியது பழையதை அழிக்கும், அதையும் சொல்லாமல் அழிக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் அட்டையை முழுக்க நிரப்பிச் சோதித்த பிறகே பாவியுங்கள்.

கேள்வி: கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்த காலத்தில் கைபேசியிலேயே ஒரு நாவல் எழுதி முடித்தேன். முகநூலில் அறிமுகமான ஒரு பதிப்பாளர் 'பதிப்புரிமைப் பதிவு, ஐஎஸ்பிஎன், அட்டை, அச்சு எல்லாம் சேர்த்து' ஒரு தொகை கேட்கிறார். ஒப்பந்தத்தில் 'சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று ஒரு வரி இருக்கிறது. ஒப்பமிடலாமா?
– கடை ஊழியர், வாழைச்சேனை

பதில்: அந்த வரியோடு ஒப்பமிடாதீர்கள். காசும் நீங்களே கொடுத்து, உரிமையும் நீங்களே கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்?

பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்யத் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அது நிற்கும். ஆகவே அந்தத் தலைப்பில் கேட்கும் காசு வெறும் காசு. கையெழுத்துப்படியைத் திகதி தெரியும்படி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், பின்னாளில் சான்றாக உதவும். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண். அதைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் நேரே விண்ணப்பிக்கலாம். இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். வேறு ஏதாவது எண்ணைக் காட்டினால் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

மிஞ்சுவது அட்டையும் அச்சும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இரண்டு அச்சகங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள்: எத்தனை பிரதி, தாள் 70 கிராமா 80 கிராமா, தைத்த கட்டா ஒட்டிய கட்டா, மெய்ப்பு எத்தனை தடவை. எண்ணிம அச்சில் ஐம்பது, நூறு பிரதி மட்டும் எடுக்கலாம். ஆயிரம் அடித்துக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. நீங்கள் யுனிகோடில் எழுதியதை அச்சகம் பாமினிக்கு மாற்றினால், 'கொ', 'கோ' வரும் இடங்களையும் வடமொழி எழுத்துகளையும் மெய்ப்பில் விசேடமாகப் பாருங்கள். மாற்றும்போது முதலில் அடிபடுபவை அவைதான். அச்சான இறுதிக் கோப்பு பிடிஎஃப் வடிவில் உங்களுக்கு வர வேண்டும் என்பதையும் பேசி வையுங்கள். மறுபதிப்புக்கு அதே அச்சகத்தில் தவம் கிடக்க வேண்டியிருக்காது.

மின்னூலாக மட்டும் போதுமென்றால், அமேசான் கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது, பதிவேற்ற எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. "கிண்டிலில் போட்டுத் தருகிறோம்" என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: படம் வடிவமைக்கும் செயலி ஒன்றை இலவசச் சோதனை என்று எடுத்தேன். இப்போது வங்கி அட்டையில் மாதாமாதம் டொலரில் கழிகிறது. செயலியை நீக்கியும் நிற்கவில்லை.
– இல்லத்தரசி, திருக்கோவில்

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. கைபேசியின் பிளே ஸ்டோரில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, 'கொடுப்பனவுகளும் சந்தாக்களும்' என்ற பகுதிக்குப் போய் அங்கே இரத்துச் செய்யுங்கள். இணையதளம் வழியாக எடுத்திருந்தால் அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில்தான் இரத்துச் செய்ய முடியும். மாதக் கட்டணம் என்று காட்டிவிட்டு உள்ளே ஓராண்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. நடுவில் விலகினால் அபராதம் எடுப்பார்கள். எதற்கும் இரத்துச் செய்த உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகும் கழிந்தால் அந்த மின்னஞ்சலோடு வங்கிக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். வெறும் தொலைபேசி அழைப்போடு நிறுத்திவிடாதீர்கள்.