25 மீட்டர் குளம் கட்டலாம். நவம்பரில் அது மிதக்காமல் இருக்க வேண்டும்

கேள்வி: சென்னையின் தெற்குப் புறநகரில், எங்கள் நகரில் அரை ஏக்கர் ஓ.எஸ்.ஆர். நிலம் (மனைப் பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய திறந்தவெளி) புதர் மண்டிக் கிடக்கிறது. அதில் எல்லோருக்குமான நீச்சல் குளம் ஒன்று அமைக்க வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் ஆசை. எம்.பி. நிதியில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். இடம் போதுமா? எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: இடம் தாராளம். அரை ஏக்கர் என்றால் ஒன்பது கிரவுண்டு. 25-க்கு 12.5 மீட்டர் குளம் ஒன்றரை கிரவுண்டுகூடப் பிடிக்காது. சுற்று நடை, உடை மாற்றும் அறை, கழிப்பறை, பம்ப் அறை, தனியாக ஒரு குழந்தைகள் குளம் எல்லாம் போக மரம் நடவும் இடம் மிஞ்சும். ஆனால் ஓ.எஸ்.ஆர். நிலம் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது, சங்கத்தின் சொத்து அல்ல. எனவே தானப் பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்துவிட்டு, உள்ளாட்சியையே முன்னால் நிறுத்தி வேலையைத் தொடங்குங்கள். எம்.பி. நிதி கட்டுமானத்துக்கு மட்டும்தான். பராமரிப்பை யார் ஏற்கிறார்கள் என்ற உறுதியை முதலிலேயே எழுத்தில் கேட்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் கீழே உள்ள கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

குளத்தின் ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.4 மீட்டர் இருந்தால் போதும். டைவிங் பலகை, ஆறடி ஆழம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். நீச்சல் கற்க வருகிறவர்களுக்குத் தரையில் கால் ஊன்ற வேண்டும். சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்தால் 3,75,000 லிட்டர் பிடிக்கும், அதாவது 12,000 லிட்டர் லாரியில் முப்பத்தொரு லோடு. முதல் நிரப்புதலைக் கேட்டதும் எல்லோரும் மலைத்துப் போவார்கள். அது ஒரு முறைச் செலவு. தினசரிச் செலவுதான் ஆளைத் தின்னும். கோடையில் ஆவியாவது மட்டுமே ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டருக்குக் குறையாது. குளிக்கிறவர் ஒருவருக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது பொதுக் குளங்களுக்கான வழக்கமான அளவு. ஃபில்டரை பேக்வாஷ் செய்ய, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்ற, போகிற தண்ணீர் அதற்குள் அடங்கும். ஒரு நாளைக்கு 200 பேர் வந்தால் 6,000 லிட்டர். இறங்குமுன் ஷவரில் குளிப்பதையும் கூட்டினால் தினம் ஒரு லாரிக்குச் சற்றுக் குறைவு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சென்னை பட்ட பாடு நினைவிருக்கும். அப்படியொரு ஆண்டில் குளத்தை மூடுவது என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள், பிறகு சண்டை வராது.

இனி, யாரும் கேட்காத விஷயம். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் ஒன்றரை அடி தோண்டினாலே தண்ணீர் வரும். குளத்தின் அடித்தளத்துக்கு மேல் 1.2 மீட்டர் உயரம் நிலத்தடி நீர் நின்றால், அது குளத்தைக் கீழிருந்து சுமார் 375 டன் விசையோடு மேலே தள்ளும். பத்து அங்குலத் தளம், சுவர், டைல்ஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 டன்தான். குளம் நிரம்பியிருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் அதை அமுக்கி வைத்திருக்கும். காலி செய்தால் அது கப்பல்தான். ஒரு கார்த்திகை மாதம் டைல்ஸ் மாற்றுவதற்காகக் காலி செய்த குளம் ஒன்றைப் பார்க்கப் போனேன். ஒரு மூலை நான்கு விரற்கடை எழும்பி நின்றது. பக்கத்துக் குழாய்கள் எல்லாம் முறிந்திருந்தன. இரவோடு இரவாக மோட்டார் போட்டுக் காலி செய்ததாகப் பெருமையாகச் சொன்னார் அங்கிருந்த மேற்பார்வையாளர்.

இதற்கு வழிகள் உண்டு. தளத்தைச் சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டி, மண்ணின் எடையையும் அதன்மேல் ஏற்றலாம். தளத்தில் நீரழுத்தம் தணிக்கும் வால்வு வைக்கலாம். என் விருப்பம், குளத்தைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுவது. மேலெழும் விசை பாதிக்கு மேல் குறையும். 2015 டிசம்பர் மாதிரித் தெருவில் தண்ணீர் நின்றாலும் சாக்கடை குளத்துக்குள் இறங்காது. படியோடு சாய்தளமும் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எப்படியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது.

சுத்திகரிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மொத்தத் தண்ணீரும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். பம்புகளுக்கு நாளொன்றுக்கு நூறு யூனிட் அளவில் மின்சாரம் ஓடும். ராத்திரி வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடியில் தங்கித் தண்ணீர் கலங்கும். திரவ ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) அளவாகச் சொட்டவிடும் டோசிங் பம்ப் மூலம் செலுத்துங்கள். அதையும், தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்க வாங்கும் ஆசிடையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சோதனைக்கு, மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி.ஓ. சொட்டு மருந்து போதாது. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் தனிக் குளோரினைப் பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். தனிக் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். என்னும் அமில-கார அளவு 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ அடித்தால் மருந்து அதிகம் என்று அர்த்தமில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளப்பும் வாடை அது. ஷவரைக் கட்டாயமாக்கச் சொல்வது இதற்குத்தான்.

அடியில் தண்ணீரை உறிஞ்சும் வடிகால் வாய் (டிரெய்ன்) ஒன்று மட்டும் வைத்தால் குழந்தையின் முடியையோ கையையோ பிடித்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு வேண்டும், ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு. கரையில் நின்று பார்த்தால் அந்த வடிகால் மூடியின் துளைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத நாளில் குளத்தைத் திறக்காதீர்கள். உயிர்காப்பாளர்கள் எப்போதும் இரண்டு பேர், கையில் போன் இல்லாமல். மூழ்குகிறவர் கத்துவதில்லை, சத்தமில்லாமல் கீழே போவார்.

ஆர்க்கிடெக்டைத் தேடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். நிலத்துக்குப் பக்கத்து வீட்டில் கிணறு இருந்தால், தீபாவளியிலிருந்து பொங்கல்வரை வாரம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி இறக்கி, தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். போர் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, இரும்புக்கும் கடினத்தன்மைக்கும் லேபில் கொடுங்கள். அந்த இரண்டு தாள்களோடு வாருங்கள், வரைபடத்தைப் பேசலாம்.