ஓடும் பெண்கள், ஓடும் தரை: கேள்வி-பதில்

கே: காங்கிரீட் சாலையில் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா? (வாசகி, திருச்சி)

தேயாது. எந்தத் தரையில் ஓடினாலும் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல 2, 3 மடங்கு விசை காலில் இறங்கும். தரை இறுகலாக இருந்தால் முழங்கால் தானாகவே சற்றுக் கூடுதலாக மடங்கி அதை வாங்கிக்கொள்ளும். உடற்பயிற்சிக்காக அளவோடு ஓடுபவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் குறைவாகவே காணப்படுகிறது. காலைப் படுத்துவது திடீர் மாற்றம்தான். தரையை மாற்றினால் முதல் இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

கே: மெரினா மணலில் ஓடலாமா? (வாசகி, சென்னை)

வாரம் ஒரு நாள், 10 நிமிடம். உதிரி மணலில் ஒன்றரை மடங்குச் சக்தி செலவாகும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக உழைக்கும். ஈர மணல் இறுகலானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். பாதித் தூரம் போய், அதே வழியில் திரும்புங்கள், சரிவு இரண்டு கால்களுக்கும் சமமாகிவிடும்.

கே: டிரெட்மில் நல்லதா, பூங்காவின் மண்பாதை நல்லதா? (வாசகி, மதுரை)

இரண்டும். மாற்றி மாற்றி ஓடுங்கள்.

கே: தார்ச்சாலையில் ஓடுவதால் கணைக்கால் எலும்பு வலிக்கிறது. புல்தரைக்கு மாறட்டுமா? (வாசகி, கோவை)

வயது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், வலி எப்போது தொடங்கியது, எதையுமே எழுதாமல் தரையை மட்டும் எழுதினால் எப்படிப் பதில் சொல்வது? விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? ஆம் என்றால் இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்கலாம். தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும்.

இந்த விரிசல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் தார், புல், ஷூ எல்லாம் இருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்ற ஒரு வரி இருக்காது. எடை குறைய வேண்டும் என்று காலை உணவை விட்டுவிட்டு ஓடுகிறீர்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்தும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு வலுவிழக்கும். 'ஓடுகிற பெண்களுக்கு அது சகஜம்' என்று சொல்லும் பயிற்சியாளர்களை நானே பார்த்திருக்கிறேன். சகஜம் அல்ல. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே சாப்பாட்டுக் குறையால் வரும் இந்தப் பாதிப்பைத் தனிக் கோளாறாக வரையறுத்துவிட்டது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். குறையைச் சாப்பாட்டில் வைத்துக்கொண்டு புல்தரைக்கு மாறினாலும் எலும்பு விரிசல் விடும்.

கே: குழந்தை பிறந்து 7 வாரம். புல் மென்மைதானே, ஓடலாமா? (வாசகி, சேலம்)

கூடாது. குறைந்தது 12 வாரம் பொறுங்கள், அதுவரை நடங்கள். பிறகும் சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ ஓடாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தொடங்கும்போது, மறுபடியும் சொல்கிறேன், பழைய தூரத்தில் பாதிகூட வேண்டாம்.