பழைய உதவி ஃபங்ஷன்களை அழித்துவிடலாமா?

வணக்கம் ஐயா,

நான் பராமரிக்கும் ப்ராஜெக்ட்டில் டாம் மரத்தில் (பக்கத்தின் எலிமென்ட்களை பிரவுசர் மரம்போல அடுக்கி வைத்திருக்கும் அமைப்பு) ஏறி இறங்குவதற்கென்றே ஒரு பழைய கோப்பு இருக்கிறது. அடுத்த எலிமென்ட், முந்தைய எலிமென்ட், முதல் பிள்ளை, மேலே இருக்கும் குறிப்பிட்ட டேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன். 'இதெல்லாம் பிரவுசரிலேயே வந்துவிட்டது, மொத்தமாகத் தூக்கிவிடலாம்' என்கிறார்கள் குழுவில். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்கியது நல்லது. அந்தக் கோப்பில் சிலவற்றை அழிக்கலாம், சிலவற்றை அழிக்கவே கூடாது. அவை எதற்காக எழுதப்பட்டன என்று பார்த்தால் இது புரியும்.

ஹெச்டிஎம்எல்லை நாம் வரி பிரித்து, இடம் விட்டு எழுதுகிறோம். டேக்குகளுக்கு நடுவே உள்ள அந்த வெற்று இடமும் மரத்தில் ஒரு டெக்ஸ்ட் நோடாகிவிடும் (நோடு என்றால் மரத்தின் ஒரு கணு). பட்டியலின் ஃபர்ஸ்ட்சைல்டைக் கேட்டால் முதல் உருப்படிக்குப் பதில் வெறும் இடைவெளி வரும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை இந்த வெற்று நோடுகளை மரத்தில் சேர்க்கவில்லை, மற்ற பிரவுசர்கள் சேர்த்தன. ஒரே நிரல், இரண்டு விதமான விடை. அதனால்தான் நோடின் வகையைச் சொல்லும் எண் (nodeType) 1 ஆகும்வரை, அதாவது ஓர் எலிமென்ட் வரும்வரை, நகர்ந்துகொண்டே போகும் ஃபங்ஷனை ஆளாளுக்கு எழுதிக்கொண்டார்கள். 2008 டிசம்பரில் வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி இதற்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. நெக்ஸ்ட்எலிமென்ட்சிப்ளிங், ஃபர்ஸ்ட்எலிமென்ட்சைல்ட் எல்லாம் அதில் உள்ளவை. ஆகவே அடுத்தது, முந்தையது, முதல் பிள்ளை, இவை மூன்றும் போகலாம்.

மேலே ஏறும் ஃபங்ஷன்தான் முக்கியமானது. அது இல்லாவிட்டால் மனிதர்கள் ஒரு படி மேலே உள்ளதைத் தரும் பேரன்ட்நோட்டை பேரன்ட்நோட், பேரன்ட்நோட், பேரன்ட்நோட் என்று மூன்று முறை அடுக்கி எழுதுவார்கள். நடுவில் யாராவது அலங்காரத்துக்காக ஒரு டிவ் சேர்த்தால் போதும், நிரல் வேறு எலிமென்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எரர்கூட வராது. 'மூன்று படி மேலே' என்பது பக்கத்தின் இன்றைய அமைப்பைப் பற்றிய தகவல். நமக்கு வேண்டியதோ 'இந்தப் பொத்தான் எந்தப் படிவத்தைச் சேர்ந்தது' என்ற உறவு. நல்ல உதவி ஃபங்ஷன் அந்த உறவைத்தான் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கும் பிரவுசரிலேயே குளோசஸ்ட் (மேலே ஏறிப் பொருந்தும் முதல் எலிமென்ட்டைத் தருவது) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அருமையானதும்கூட. ஆனால் அது தேடலைத் தன்னிலிருந்தே தொடங்கும். பழைய ஃபங்ஷன்களில் பல பெற்றோரிலிருந்து தொடங்கும். பட்டியலுக்குள் பட்டியல் இருக்கும் இடத்தில், ஓர் எல்ஐயிலிருந்து (பட்டியல் உருப்படியின் டேக்) அதை உள்ளடக்கிய எல்ஐயைத் தேடினால் குளோசஸ்ட் அதே எல்ஐயையே திருப்பித் தரும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இங்கேதான் அடிபடும். பேரன்ட்எலிமென்ட்டிலிருந்து கேட்டால் சரியாகிவிடும். ஷேடோ டாம் (ஓர் எலிமென்ட்டுக்குள் தனியாகப் பிரித்து வைக்கும் மரம்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று: குளோசஸ்ட் அந்த எல்லையைத் தாண்டி வெளியே ஏறாது.

பிள்ளைகளைத் தரும் ஃபங்ஷன் இருந்தால் அது அர்ரே தருகிறதா என்று பாருங்கள். எலிமென்ட்டின் சில்ட்ரன் ஓர் உயிருள்ள தொகுப்பு, மரம் மாறினால் அதுவும் உடனே மாறும்; அர்ரே அப்படி மாறாது. அதன் மேல் முன்னிருந்து எண் வைத்துச் சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக நீக்கினால், நீக்கியதற்கு அடுத்தது முன்னால் நகர்ந்துவிடும், ஒன்று விட்டு ஒன்றுதான் நீங்கும். அர்ரே தரும் பழைய ஃபங்ஷன் இந்தத் தொல்லையிலிருந்து உங்களை இத்தனை நாள் காத்திருக்கலாம். அப்புறம், ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பு வரை உள்ள எல்லாவற்றையும் சேகரிக்கும் வேலைக்கு பிரவுசரில் நேரடி வழி இன்றும் இல்லை. அப்படி ஒன்று கோப்பில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்வேன். கட்டாயம் இருக்க வேண்டிய எலிமென்ட்டைத் தேடுவதற்கு ஒரு ஃபங்ஷன்: கிடைக்காவிட்டால் எந்த செலக்டருக்கு (எலிமென்ட்டைக் குறிக்கும் தேடல் குறிப்பு) எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி அங்கேயே எரர் எறிய வேண்டும். null (எதுவும் இல்லை என்ற மதிப்பு) திரும்பி வந்து, நிரலில் ?. என்று கேள்விக்குறி போட்டு அதைத் தாண்டிவிட்டால், பொத்தான் வேலை செய்யாத காரணத்தை யாரோ ஒருவர் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

அழிப்பதை ஒரே கமிட்டில் செய்யாதீர்கள். ஒரு ஃபங்ஷனை எடுங்கள், அது எதிலிருந்து தொடங்குகிறது, கிடைக்காதபோது என்ன தருகிறது என்ற இரண்டையும் டெஸ்ட்டாக எழுதுங்கள், பிறகு மாற்றுங்கள். மேலே ஏறுவதைக் கடைசிக்கு வையுங்கள்.