பிள்ளைகளோடு வெளியே போவது: மலை ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குன்னூர் ஆசிரியை: என் எட்டாம் வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை. சுற்றுலா கூட்டிப்போனால் மாறுவார்களா ஐயா?

ஊட்டி பூங்காவில் இறக்கிவிட்டு, விசில் ஊதி வரிசையில் நிறுத்தினால் மாற மாட்டார்கள். கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறதே, 116 ஹெக்டேர், 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில்கூட சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். சோலைக்குள் நமக்குத் தெரியாததுதான் அதிகம், அதுவே வசதி. மாடு மேய்த்துப் பழகிய கடைசி பெஞ்சுப் பையன் ஒரு செடியின் பேரைச் சொல்வான். "எனக்குத் தெரியாதுப்பா, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டு உங்கள் நோட்டில் எழுதுங்கள். மறுநாள் பாடத்தின் நடுவே, அவன் பேரைச் சொல்லி அதை எடுத்துப் பேசுங்கள். நம்மில் பலர் இந்த மறுநாள் வேலையைத்தான் விட்டுவிடுகிறோம். திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துப்போங்கள். முதல் அட்டை உங்கள் காலில் ஏறினால் ரொம்ப நல்லது, வகுப்பே சிரித்துவிடும்.

கூடலூர் ஆசிரியர்: பாதிப் பேரால் பணம் கட்ட முடியாது. என்ன செய்ய?

எல்லோராலும் முடிகிற இடத்துக்கு மட்டும் போங்கள். கட்டாதவர் பட்டியலை வகுப்பில் வாசித்தால், அப்புறம் எந்தச் சுற்றுலாவும் அதைச் சரிசெய்யாது.

குன்னூர் ஆசிரியை மறுபடியும்: மலை ரயில்?

டிக்கெட் கிடைப்பது பாடு. ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிக்குக் குன்னூரில்தான் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, நடைமேடையில் நின்று பார்க்க வையுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை எதற்கு என்று அவர்களே கேட்பார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டி ரத்தாகலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோத்தகிரி ஆசிரியர்: எனக்குப் பாடவும் வராது, வரையவும் வராது. கலை வழியாக எப்படிப் பிள்ளைகளை நெருங்குவது?

வராமல் இருப்பதே நல்லது, திருத்தக் கை வராது பாருங்கள். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கப் பழக்குவது ஒரு வேலை, இது வேறு வேலை. அங்கே ஒருத்தி ஆடுவாள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். நம் எஸ்டேட் பிள்ளைகள் பலரின் தாத்தா பாட்டி, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். கப்பலில் வந்த கதையைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லி, அதைக் குட்டி நாடகமாக்குங்கள். வசனம் பேசப் பயப்படுகிறவனுக்குக் கடல் சத்தம் எழுப்பும் வேலை கொடுங்கள். நீங்களும் ஒரு வேடம் போடுங்கள், சின்னதாக. அதட்டுகிற அதிகாரி வேடம் மட்டும் வேண்டாம்!

படம் வரைந்தால் சுவரில் எல்லாருடையதும் இருக்கட்டும். ஆனால் வீட்டைப் பற்றி வரைந்திருந்தால், கேட்காமல் மாட்டாதீர்கள்.

கூடலூர் ஆசிரியை: அப்படி வரைந்த ஒரு பெண், வீட்டில் அடிக்கிறார்கள் என்று சொல்லி, யாரிடமும் சொல்லாதீர்கள் டீச்சர் என்கிறாள்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உனக்குத் தெரிந்துதான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். உடனே தலைமையாசிரியரிடம் பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். மற்ற ஆசிரியர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சே எழக்கூடாது.

ஊட்டி ஆசிரியர்: விருந்தினர் வரும்போது தோடர் பிள்ளைகளை ஆட வைக்கலாமா?

அவர்களாக ஆசைப்பட்டால் ஆடட்டும். நாம் நிறுத்தி வைத்துக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அதைவிட, அந்தப் பிள்ளையின் பாட்டியை ஒரு மதியம் பள்ளிக்கு அழையுங்கள். தோடர் பூத்தையலுக்கு 2013இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சிவப்பு, கறுப்பு நூலில் துணியின் இழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள். பாட்டி நாற்காலியில், நீங்கள் பிள்ளைகளோடு கீழே. வந்த நாளுக்கு அவர் கூலி இழக்காதபடி ஏதாவது ஏற்பாடு செய்துவிடுங்கள்.