பட்டறைப் பதில்கள்: ஒட்டிக்கொண்ட கொக்கி

கேள்வி: ஐயா, எங்கள் வான் வண்டியின் பின்பக்கத்தில் டிரெய்லர் இழுக்கும் குண்டுக் கொக்கியைப் பூட்டி ஐந்து வருடமாகிறது. வீடு மாறிய அன்று ஒரு தடவை பாவித்ததோடு சரி, அதன்பின் கழற்றவே இல்லை. இப்போது கொக்கி செருகியிருக்கும் அதே குழாயில் சைக்கிள் தாங்கி பொருத்தலாம் என்று பார்த்தால் கொக்கி அசையவில்லை. குழாயையும் கொக்கியையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்கு ஊசி மட்டும் அடித்ததில் வந்துவிட்டது. சங்கிலியை மரத்தில் கட்டி, வாகனத்தை ஒரு இழுப்பு இழுத்தால் கழன்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
(வாசகர், ஸ்காபரோ, கனடா)

பதில்: செய்யாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம். தொய்வாகக் கிடக்கும் சங்கிலி ஓடுகிற வண்டியின் வேகத்தில் விறைக்கும்போது விழுகிற அடி, வண்டியின் எடையைவிடப் பல மடங்கு. அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. சங்கிலியை அந்தக் குண்டிலேயே மாட்டுவது இன்னும் மோசம். குண்டு கழுத்தில் முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். ஆஸ்திரேலியாவில் சேற்றில் சிக்கிய வண்டியை இப்படிக் குண்டில் கட்டி இழுத்து உயிர் போயிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வேலையை உங்கள் பக்கத்திலேயே நான் செய்திருக்கிறேன். தூத்துக்குடியில் 34 வருடம் பட்டறை வைத்திருந்தவன் நான். வந்த வேலையில் பாதி உப்பளத்து வண்டிகள். துருவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற மிதப்போடுதான் மிசிசாகாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் ஏழு வருட வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது மிதப்பு போய்விட்டது. உப்பளத்தில் பதினைந்து வருடம் ஓடிய டிரெய்லர்கூட அப்படித் தோலுரிந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சாலையில் கொட்டுகிற உப்பு. ஒன்டாரியோவில் ஹியூரன் ஏரிக்கு அடியில் கோடரிச் என்ற ஊரில் இருக்கும் சுரங்கம்தான் உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் என்று மாப்பிள்ளை சொன்னார். எங்கள் ஊரில் வெயிலில் காய்ச்சி எடுப்பதை அங்கே பாறையாக வெட்டி எடுத்துத் தெருவில் கொட்டுகிறார்கள். கெட்டியான உப்புத் தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. அதனால் பனிக்காலம் முழுக்க வண்டியின் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும். கணப்பு வைத்த கராஜில் நிறுத்துகிறவர்கள் வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைக்கிறார்கள். வெளியே குளிரில் மெதுவாகப் பிடிக்கிற துரு, அந்தக் கதகதப்பில் வேகமாகப் பிடிக்கும்.

இனி உங்கள் கொக்கி. வண்டியோடு சேர்ந்திருப்பது ஒரு சதுரக் குழாய். அதற்குள் செருகியிருப்பது கொக்கியின் தண்டு. உங்கள் வானில் உள்வாய் இரண்டு அங்குலமோ ஒன்றேகால் அங்குலமோ இருக்கும். குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு தகடு நுழைகிற அளவுதான். இரும்பு துருவாக மாறினால் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அந்த இடைவெளி முழுக்கத் துரு அடைத்து, தண்டை நாலு பக்கமும் நெருக்குகிறது. அதாவது உங்கள் கொக்கி ஒட்டவில்லை, ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருக்கிறது. ஆப்பை நேராக இழுத்தா எடுக்கிறோம்? ஆட்டித்தானே எடுக்கிறோம்.

அதனால் முதல் நாள் சுத்தியலைத் தொடவே வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் குழாயின் வாயைச் சுரண்டுங்கள். பொருக்கு உதிர்ந்து இரும்பு தெரியட்டும். பிறகு துருவுக்குள் ஊடுருவுகிற எண்ணெயை மூன்று வழியில் விடுங்கள்: குழாயின் வாய், குறுக்கு ஊசி இருந்த ஓட்டை, குழாயின் உள்முனை. அந்த மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் குழாயின் உள்முனை திறந்தே இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால் தண்டின் பின்முனை தெரியும். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.) காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, இரண்டு ராத்திரி ஊறட்டும்.

மூன்றாம் நாள் இரண்டு கிலோ சுத்தியல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பொறுமையில்லாமல் முதல் நாளே அந்தப் பளபளக்கும் குண்டின் மேலேயே ஓங்கிப் போட்டேன். முலாம் சில்லுப் பெயர்ந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் கீறல் போட்டது. மூக்குக்கண்ணாடி இல்லாத ஆளாக இருந்தால் கண். மகள் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. குண்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடி முதலில் விழ வேண்டியது வெளிக் குழாயின் மேல். நாலு பக்கமும் மாற்றி மாற்றி, நடுத்தர வேகத்தில் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு பொடிந்து எண்ணெய்க்கு வழிவிடும். அப்புறம் கொக்கியின் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை இடது பக்கம் ஓர் அடி, வலது பக்கம் ஓர் அடி. சத்தத்தைக் கவனியுங்கள். இறுகியிருக்கும்வரை மணி மாதிரி 'ணங்' என்று கேட்கும். விட்டுக்கொடுக்க ஆரம்பித்ததும் சத்தம் செத்து 'டொக்' என்றாகும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு மேல் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். உங்கள் கொக்கி கீழ்நோக்கி மடிந்த வகையானால், மடிந்த பகுதியின் உள்பக்கத்தில், பம்பருக்குக் கீழிருந்து வெளிப்பக்கமாக அடிக்கலாம். உள்முனை திறந்திருந்தால், ஒரு நீளக் கம்பியைத் தண்டின் பின்முனையில் வைத்து அந்தப் பக்கத்திலிருந்தே அடிப்பது இன்னும் நல்லது. கொஞ்சம் வெளியே வந்து மறுபடி நின்றால், திரும்ப உள்ளே அடித்துவிட்டு எண்ணெய் விட்டு வெளியே அடியுங்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. மாப்பிள்ளையினுடையது மூன்றாம் நாள் மாலை இப்படித்தான் வந்தது. வந்த தண்டோடு ஒரு கைப்பிடி துருப்பொடியும் கொட்டியது.

இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கையால் இழுக்கிற செயின் பிளாக் போடுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குண்டு இருந்த ஓட்டையில் செயின் பிளாக்கின் கொக்கியை மாட்டி, மெதுவாக இறுக்கி, இறுக்கத்திலேயே விட்டுவிட்டு எட்ட வந்துவிட வேண்டும். சங்கிலிக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பழைய கம்பளி ஒன்றைச் சங்கிலியின் மேல் போட்டு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம்.

சூடு காட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு அங்குலக் குழாயை 150 டிகிரி சூடேற்றினால் அது விரிவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மயிரிழைதான். அந்த மயிரிழை போதும் என்பது உண்மை. ஆனால் அங்கே பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க், பிளாஸ்டிக் பம்பர், விளக்கு வயர் எல்லாம் இருக்கின்றன. இரண்டு நாளாக நீங்கள் விட்ட எண்ணெயும் பற்றிக்கொள்ளும். வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில், கொக்கியைக் குழாய் வாயோடு அறுத்துவிட்டு, மீதித் தண்டை உள்ளுக்குள் நீளவாக்கில் கீறிச் சுருக்கி எடுக்கலாம். தண்டு உள்ளே பொள்ளலாக இருந்தால்தான் இது எளிது. கெட்டி இரும்பென்றால் மொத்தக் குழாய்ச் சட்டத்தையும் போல்ட் கழற்றிப் புதிதாக மாட்டுவது, கூலியைக் கணக்குப் பார்த்தால் மலிவாகவே முடியும்.

கழன்ற பிறகு குழாயை உள்ளே தேய்த்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அடை அடையாகப் பெயர்ந்து வருகிறதா? அப்படியானால் அதில் சைக்கிளும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். உறுதியாக இருந்தால், செப்புத்தூள் கலந்த பசை கடையில் கிடைக்கும், அதைத் தண்டில் மெல்லிசாகத் தடவிச் செருகுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி கராஜில் போட்டுவிட்டு, குழாய்க்கு ஒரு மூடி போடுங்கள். ஐந்து வருடம் பூட்டியே வைத்திருந்ததுதான் இத்தனைக்கும் காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நாங்கள் உப்பு ஏற்றுகிறோம். மழைக்கு நாலு மாதம் நிறுத்தி வைத்த டிராக்டரிலிருந்து டிரெய்லரைப் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் கோத்து நிற்கும் இரும்பு முளை, அதாவது கொக்கியின் 'பின்', இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பட்டறையில் கேஸ் கட்டிங் போடச் சொல்கிறார்கள்.
(வாசகர், வேதாரண்யம்)

பதில்: கட்டிங்குக்கு முன்னால் ஒரு சந்தேகம். அது துருவே இல்லாமலும் இருக்கலாம். டிரெய்லர் வளையம் வருடக்கணக்கில் ஒரே பக்கம் இழுத்து இழுத்து, பின்னின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு ஓட்டையின் உதட்டில் மாட்டிக்கொண்டால், எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினாலும் வராது.

இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் பாரத்தில் ஒரு பங்கு அந்தப் பின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பெட்டியில் உப்பு இருந்தால் முதலில் இறக்குங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரெய்லரின் முன்பகுதிக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, வளையம் மேலேயும் முட்டாமல் கீழேயும் முட்டாமல் மிதக்கிற அளவுக்குத் தூக்குங்கள். டிராக்டரை ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். நகரும்போது கையை உள்ளே விட வேண்டாம். வண்டி நின்று, என்ஜினை அணைத்த பிறகு, பின்னின் தலையைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருப்புங்கள். அரைச் சுற்று திரும்பினால் பள்ளம் எதிர்ப்பக்கம் போய்விடும். கீழிருந்து ஒரு கம்பியை வைத்துத் தட்டினால் மேலே வந்துவிடும்.

திரும்பவே இல்லை என்றால் துருதான். டீசலும் கிரீஸும் கலந்து இரண்டு நாள் ஊறவிட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கேஸ் கட்டிங் போடலாம், நான் தடுக்கவில்லை. வளையத்துக்கும் டிராக்டரின் இரும்புக்கும் நடுவே தெரிகிற பின்னை மட்டும் வெட்டச் சொல்லுங்கள், ஓட்டையின் உதட்டில் நெருப்புப் படக் கூடாது. புதுப் பின்னைக் கடையில் வாங்கிப் போடுங்கள். கட்டடக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகிவிட்டு ஓட்டுகிறவர்களை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது அது முறிந்தால் பின்னால் வருகிறவன் கதி?

இன்னொன்று. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வேதாரண்யத்தில் அதற்குக் குறைவாக எந்த ராத்திரி இருக்கப் போகிறது? வண்டியில் ஒட்டிய உப்பு மழையே பெய்யாவிட்டாலும் ஈரமாகத்தான் இருக்கும். சீசன் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பின்னை உருவி, கிரீஸ் தடவி, டிரெய்லரைத் தனியாக நிறுத்துங்கள்.

கேள்வி: துருப்பிடித்த போல்ட்டுக்கு டபிள்யூ டி 40 ஸ்ப்ரே அடித்தும் பலனில்லை. போலியா?
(வாசகர், கரூர்)

பதில்: அசலாகவே இருக்கலாம். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அதைத் தயாரித்தது, ராக்கெட்டின் தோலில் ஈரம் தங்காமல் விலக்குவதற்காக. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால்தான் பெயரில் 40. லேசான துருவுக்கு உதவும், ஆழப் பிடித்ததற்குப் போதாது. அதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊற்றுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம்.