சல்லடை வாங்கலாம், எதைச் சலிக்கப் போகிறீர்கள்?

கேள்வி: எங்கள் ஊர் காரைக்குடி வட்டத்தில் இருக்கிறது. பங்காளிகள் ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான பழைய வீடு. பெரும்பாலும் பூட்டியே கிடக்கும், சாவி என்னிடம். பட்டாசு செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் அமெரிக்கர்களின் காணொளிகளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. விற்பதற்கு அல்ல, முன்னோரைக் கும்பிடும் படைப்பு அன்று நாங்களே செய்த நாலு புஸ்வாணம் விட வேண்டும், அவ்வளவுதான். மருந்து சலிக்க நுண்ணிய கம்பி வலை கேட்டு ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். எதற்கு என்றார், உண்மையைச் சொன்னேன், இல்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு இணையத்தில் மூன்று அளவுகளில் வாங்கினேன். பதினாறு வயதான என் அண்ணன் மகன், தீபாவளியில் மிஞ்சிய வெடிகளைப் பிரித்து மருந்தை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறான். இன்னும் எதையும் செய்யவில்லை. சல்லடை வாங்கியது குற்றமா? எந்த உலோக வலை வைத்திருந்தால் சட்டப்படி சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கம்பி வலை வாங்க இந்த நாட்டில் உரிமம் தேவையில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவரும் வாங்குகிறார். உங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசும் கொத்தனாரும் வாங்குகிறார். கடைக்காரர் உங்களைத் திருப்பி அனுப்பியது சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல, அவருடைய முன்யோசனையால். கேள்வி இதோடு நின்றிருந்தால் என் பதிலும் நாலு வரியில் முடிந்திருக்கும். அந்த டப்பாதான் விஷயத்தைப் பெரிதாக்குகிறது.

1908-ஆம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டத்தின் 2-வது பிரிவு, வெடிபொருள் என்ற சொல்லுக்கு மிக அகலமான பொருள் தருகிறது. வெடிபொருள் செய்வதற்கான மூலப்பொருள்கள் அதற்குள் வந்துவிடும். வெடிப்பை உண்டாக்கவோ அதற்கு உதவவோ பயன்படுத்தும், அல்லது பயன்படுத்த உத்தேசித்திருக்கும் கருவிகளும் அவற்றின் பாகங்களும்கூட வரும். பொழுதுபோக்குக்கு வாங்கிய சல்லடை அந்தக் கடைசி வகைக்குள் வராது என்று நான் வாதாடுவேன். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அதை நான் வாதாடும்போது நீங்கள் ஜாமீனில் வந்திருப்பீர்களா, உள்ளேயே இருப்பீர்களா என்பது வேறு கேள்வி. அதே சட்டத்தின் 5-வது பிரிவு, சட்டபூர்வமான நோக்கத்துக்கு அல்ல என்று நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் வெடிபொருளைச் செய்வதையும், தெரிந்தே வைத்திருப்பதையும் தண்டிக்கிறது. நோக்கம் நல்லது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. தண்டனை 10 ஆண்டு வரை போகலாம். மாவட்ட ஆட்சியரின் இசைவு இல்லாமல் நீதிமன்றம் விசாரணையைத் தொடர முடியாது என்று 7-வது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது கைதைத் தடுப்பதில்லை.

ஒரு மகஜர், அதாவது சோதனையில் கைப்பற்றிய பொருள்களைக் காவல்துறை எழுதும் பட்டியல், எப்படி எழுதப்படும் என்று பல முறை படித்தவன் என்பதால் சொல்கிறேன். "வீட்டின் இரண்டாம் கட்டு, வலப்புற அறை. 1. பித்தளைக் கம்பி வலைச் சல்லடை, வெவ்வேறு கண் அளவில், மூன்று. 2. மூடியுடன் கூடிய டப்பாவில் சாம்பல் நிறத் தூள். 3. காகிதக் குழாய்கள், பிரிக்கப்பட்டவை." தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக எண் போட்டு எழுதினால் வழக்கு தானே உருவாகிவிடும். அதில் இணையக் கடையின் ரசீதும், நீங்கள் பார்த்த காணொளிகளின் வரலாறும் சேரும். இப்போது மின்னணு ஆவணங்களை முறையான சான்றிதழுடன் சாட்சியமாக ஏற்கிறார்கள்.

"இன்னும் எதையும் செய்யவில்லை" என்கிறீர்கள். 1884-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டம் உற்பத்தி என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். வெடிமருந்தை அதன் பகுதிகளாகப் பிரிப்பது, கலைப்பது, மாற்றி அமைப்பது எல்லாம் உற்பத்திதான். உங்கள் அண்ணன் மகன் வெடியைப் பிரித்த அன்றே உற்பத்தி நடந்துவிட்டது. உரிமமின்றி உற்பத்தி செய்தால் 9பி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் 2 ஆண்டு வரை, அல்லது 3,000 ரூபாய் வரை, அல்லது இரண்டும். புஸ்வாணம் வெடிக்காதே, பூப்போல எரியத்தானே செய்யும் என்பதும் எடுபடாது. ஒளி, தீப்பொறி காட்டுவதற்காகச் செய்யும் பொருளையும் அந்தச் சட்டம் வெடிமருந்து என்றே சொல்கிறது.

பையனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. பதினெட்டு வயது நிறையாதவர் வெடிமருந்தைச் செய்வதையும் வைத்திருப்பதையும் 1884 சட்டத்தின் 6ஏ பிரிவு அடியோடு தடுக்கிறது. வழக்கு என்று வந்தால் அவன் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போவான். அவன் சித்தப்பா, சாவியை வைத்திருப்பவர், குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவார். உங்கள் வீட்டின் கதையும் இதில் சேர்கிறது. 1908 சட்டத்தின் 5-வது பிரிவு கையில் வைத்திருப்பவரை மட்டும் பார்ப்பதில்லை, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றும் பார்க்கிறது. நாலு பங்காளிகள் நாலு ஊரில் இருந்துகொண்டு, தங்கள் பெயரும் உள்ள பட்டா வீட்டில் என்ன கிடந்தது என்று விசாரணை அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வீட்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் அந்தத் தொல்லை உண்டு. படைப்புக்குக் கூடும் சனம், இந்தப் பேச்சு வந்த பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் கூடுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வியாபாரம் இன்றிச் சொந்த உபயோகத்துக்குச் செய்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் உற்பத்தி உரிமம் தேவையில்லை. வெடிமருந்தைச் சேமித்து வைக்க விதிகள் உண்டு, மாநிலச் சட்டங்கள் வேறு. நம் சட்டத்தில் பொழுதுபோக்கு என்றொரு அறையே கிடையாது. 2008-ஆம் ஆண்டு வெடிமருந்து விதிகளில், ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத பட்டாசு உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தரலாம் என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, 15 கிலோவுக்குக் கீழே உரிமமே வேண்டாம் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அது யார் உரிமம் தருவது என்பதற்கான அளவு. அந்த உரிமத்துக்கும் தனி இடம், பாதுகாப்பு இடைவெளி, கொட்டகை அமைப்பு எல்லாம் வேண்டும். முகப்பும் வளவும் உள்ள வீடு அதற்கு உதவாது.

எந்த உலோக வலை என்று கேட்டீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தீப்பொறி எழாத கருவி வேண்டும் என்பது உரிமம் பெற்ற தொழிற்சாலைக்கு உரிய நிபந்தனை. உரிமம் இல்லாதவர் பார்த்துப் பார்த்துப் பித்தளை வலை வாங்கினால், விவரம் தெரிந்தே இறங்கினார் என்று அரசு வழக்கறிஞர் சொல்வதற்கு வசதியாகப் போகும்.

இனிச் செய்ய வேண்டியது. டப்பாவைத் திறக்க வேண்டாம், குலுக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், ஊருணியில் கொட்ட வேண்டாம், பஸ்ஸில் எடுத்துப் போக வேண்டாம். பல வெடிகளின் மருந்து ஒன்றாகக் கலந்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை அதில் இருந்தால், உரிமம் உள்ளவரே வைத்திருக்கக்கூடாது. 1992 முதல் அதற்குத் தடை. வீட்டைப் பூட்டிவிட்டு, யாரையும் உள்ளே விடாமல், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை இன்றே பாருங்கள். அவர் மூலமாகக் காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பாதுகாப்பாக அகற்றித்தரக் கோருங்கள். தாமதமாகும் என்றாலோ டப்பா சூடாகவோ நாற்றமாகவோ இருந்தாலோ 112-ஐ அழையுங்கள். வழக்கறிஞருக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்களே முன்வந்து சொன்னால் வழக்கே வராது என்று நான் எழுதித்தர முடியாது. ஆனால் "சந்தேகத்துக்குரிய சூழ்நிலை" என்ற வாசகத்தை உடைக்க, நாளும் நேரமும் போட்ட அந்த மனுவைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

சல்லடைகளை ஒளிக்கவோ ரசீதை அழிக்கவோ வேண்டாம். சாட்சியத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 238-வது பிரிவின்படி தனிக் குற்றம்; இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

படைப்புக்குப் புஸ்வாணம் வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் பசுமைப் பட்டாசு முத்திரை பார்த்து வாங்குங்கள். 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கு மட்டுமே அனுமதி. வீட்டில் செய்ததற்கு அந்த முத்திரை கிடைக்க வழியே இல்லை. கோயில் அளவுக்கு வாணவேடிக்கை என்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் உரிமம் பெற்ற வாணக்காரரும் வேண்டும். அனுமதி மனுவை விழாவுக்கு முதல் வாரம் எடுத்துக்கொண்டு ஓடாமல், நாள் குறித்தவுடனே கொடுத்துவிடுங்கள்.