ஐரோப்பாவுல ஒரு சின்ன தலைநகரத்துல குடியிருக்கறது எப்படி இருக்கும்? போர் அடிக்காதா?

கேட்டவருக்கு ஐரோப்பாவுல ஏதோ ஒரு சின்ன தலைநகரத்துல வேலை கெடைச்சிருக்காம், லண்டன் பெர்லின் மாதிரி இருக்காதே, போலாமா வேண்டாமா, போர் அடிக்குமான்னு கேட்டிருக்கார். எந்த ஊர்னு சொல்லல. நான் 2018 அக்டோபர்லேர்ந்து எஸ்டோனியாவுல தாலின்ல இருக்கேன், அதனால எனக்கு தெரிஞ்ச தாலின் கதையத்தான் சொல்ல முடியும்.

போர் அடிக்கும். அத மொதல்லயே ஒத்துக்கறேன். ஆனா நீங்க நெனைக்கற காரணத்துக்கு இல்ல.

நாடு மொத்தத்துக்குமே 13 லட்சத்து சொச்சம் பேர்தான், அதுல நாலரை லட்சம் பேர் தாலின்லயே இருக்காங்க. சுமாரா சொல்லணும்னா எங்க திருச்சில பாதி. ஏர்போர்ட் நடுவூர்லேர்ந்து 4 கிலோமீட்டர், அந்த பக்கம் கப்பல்ல ஏறினா ரெண்டு மணி நேரத்துல ஹெல்சின்கி. தாலின் அட்ரஸ்ல குடியிருப்ப பதிவு பண்ணிட்டா பஸ், டிராம் எல்லாம் ஓசி, 2013லேர்ந்தே அப்படித்தான். இது தர்மத்துக்கு குடுக்கறது இல்ல, நீங்க எந்த ஊர்ல பதிவு பண்ணியிருக்கீங்களோ அந்த ஊருக்குத்தான் உங்க வருமான வரில ஒரு பங்கு போகும், அதான் கணக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் வந்து ஏழெட்டு மாசமா பதிவு பண்ணாம டிக்கெட் எடுத்துக்கிட்டே இருந்தார், அந்த மாதிரி பண்ணாதீங்க.

அப்புறம் எல்லாரும் சொல்ற அந்த டிஜிட்டல் கதை. அது நெஜம்தான். வந்ததும் ஒரு கார்டு குடுப்பாங்க, கூடவே ரெண்டு பின் நம்பர், மொத நம்பர் நீங்கதான்னு காட்டிக்கறதுக்கு, ரெண்டாவது நம்பர் கையெழுத்து போடறதுக்கு. அந்த ரெண்டாவது நம்பர அடிச்சா பேனாவால போட்ட கையெழுத்துக்கு சமம், சட்டப்படியே. வாடகை அக்ரிமென்ட், பேங்க், வேலை ஒப்பந்தம் எல்லாம் நான் சோபாவுல உக்காந்துதான் போட்டேன். வருமான வரி கணக்கு அவங்களே நெரப்பி வச்சிருப்பாங்க, பாத்துட்டு ஓகே குடுத்தா முடிஞ்சது. டாக்டர் போன்லயே மருந்து எழுதிடுவார், எந்த மெடிக்கல் ஷாப்ல போய் கார்ட நீட்டினாலும் குடுப்பாங்க, சீட்டே கெடையாது. உங்க விவரத்த எந்த ஆபீஸ் எப்ப எடுத்து பாத்துச்சுன்னு கூட நீங்க உள்ள போய் பாத்துக்கலாம், எனக்கு இதுலயே ரொம்ப புடிச்சது அதுதான்.

இப்ப போர் அடிக்கற விஷயத்துக்கு வரேன். எங்கப்பா ஒரு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ் போனார்னா காலைல போனவர் சாயங்காலம்தான் வருவார், திட்டிக்கிட்டேதான் வருவார், ஆனா வரும்போது நாலு பேர் கதையோட வருவார், ஜெராக்ஸ் கடைக்காரர் பொண்ணுக்கு எங்க வரன் பாக்கறாங்க, மனு எழுதி குடுக்கறவருக்கு சுகர் எவ்வளவு, எல்லாம் தெரிஞ்சிருக்கும். இங்க அப்படி ஒரு ஆள் கூட குறுக்க வரமாட்டாங்க. மொத வருஷம் நவம்பர்ல ஒரு வாரம் நான் கணக்கு பண்ணி பாத்தேன், ஆபீஸ் தவிர வெளியில நான் வாய தொறந்து பேசினது மொத்தமே நாலு வார்த்தை, நாலும் "ஐத்தாஹ்", அதாவது தேங்க்ஸ், நாலும் சூப்பர் மார்க்கெட்ல. வேலை எனக்குத்தான் கெடைச்சது, வீட்டுக்காரர் ஆறு மாசம் கழிச்சுதான் வந்தார், அந்த ஆறு மாசம் நான் எப்படி இருந்தேன்னு அவருக்கே இன்னும் முழுசா சொன்னதில்ல.

இதுல எஸ்டோனியாக்காரங்க மேல தப்பு சொல்ல முடியாது. அவங்க அகராதியில சும்மா இருக்கற ஒருத்தர்கிட்ட போய் சும்மா பேசறது தொந்தரவு. பஸ் ஸ்டாப்ல ஆளுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி நிப்பாங்க, கொரோனா வந்தப்ப இந்த ஊர்க்காரங்களே அத வச்சு ஜோக் அடிச்சாங்க.

நாங்க இருக்கறது லாஸ்னமாயேல. சோவியத் காலத்துல எழுபதுகள்லேர்ந்து கட்ட ஆரம்பிச்ச ஒன்பது மாடி கான்கிரீட் அடுக்கு வீடுங்க, லட்சம் பேருக்கு மேல இருக்கற ஏரியா, பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசறவங்க. பழைய டவுன் போட்டோவ பாத்துட்டு வர்றவங்க இத பாத்தா மூஞ்சி சுருங்கிடும், ஆனா வாடகை இங்கதான் கட்டுப்படியாகும், கடைங்களும் கீழயே இருக்கு. அந்த மொத நவம்பர்ல ஒரு நாள் சாயங்காலம், சாயங்காலம்னு சொல்றேன் மணி நாலுதான், வெளிய கும்மிருட்டு, லிஃப்ட்ல ஒரு பாட்டி ஏறினாங்க. என் கருப்பு கோட்ட மேலயும் கீழயும் பாத்தாங்க, ரஷ்யன்ல ஏதோ திட்டினாங்க, திட்டுன்னு மட்டும் நல்லா புரிஞ்சுது, எங்க அத்தை குரல் அப்படியே. அப்புறம் அவங்க பைக்குள்ள கைய விட்டு கயிறு கட்டின ஒரு பிளாஸ்டிக் வில்லைய எடுத்து, ஊக்க பல்லால புடிச்சுக்கிட்டு, என் பாக்கெட் ஓரத்துல குத்தி, ரெண்டு தடவை இழுத்து பாத்துட்டு எறங்கி போயிட்டாங்க. நான் வாய தொறக்கறதுக்குள்ள கதவு மூடிடுச்சு. ஆபீஸ்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது, அது ரிஃப்ளெக்டர், இருட்டுல நடக்கறவங்க எல்லாரும் மாட்டியே ஆகணும்னு இங்க சட்டமே இருக்கு, வண்டி லைட் பட்டா பளிச்சுன்னு தெரியும். டிசம்பர் 21ஆம் தேதி சூரியன் 9:17க்கு எந்திரிச்சு 3:20க்கெல்லாம் படுத்துடும், அந்த ஆறு மணி நேரமும் மேகம்தான், அப்ப கருப்பு கோட்டுல ஒருத்தி ரோடு கடந்தா என்ன தெரியும். பாட்டி திட்டினது நியாயம்தான்.

பாட்டி பேர நான் எழுத மாட்டேன். நாலாவது மாடி. ஏப்ரல் கடைசில எங்க பில்டிங்ல எல்லாரும் சேர்ந்து முற்றத்த சுத்தம் பண்ணுவாங்க, தால்குத்னு பேரு, ஆளுக்கு ஒரு வாருகோல் குடுத்துடுவாங்க, பனி உருகினதுக்கு அடியில போன வருஷ எலை, சிகரெட் துண்டு, ஒத்தை கையுறை எல்லாம் கெடக்கும், வாரி முடிச்சதும் சாசேஜ் சுடுவாங்க. மூணு மாசம் லிஃப்ட்ல தலைய கூட ஆட்டாத மனுஷங்க அன்னிக்கு ஒரு வாருகோல கைல புடிச்சதும் பேசறாங்க. சும்மா பேச வராது, வேலைக்கு நடுவுல பேச்சு வரும், அதுதான் இந்த ஊர். இது புரிஞ்சப்புறம் எனக்கு பாதி போர் போயிடுச்சு.

காசு விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா இத யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. வாடகை வேற, குடியிருப்போர் சங்க பில் வேற. வந்த புதுசுல எங்க வீட்டு வாடகை 450 யூரோ, ஓனர் "மத்த செலவு தனி"ன்னு ஒரே வரில சொல்லிட்டார், ஜனவரி பில் வந்துச்சு பாருங்க, 190 யூரோ. பாதிக்கு மேல ஹீட்டிங். சரி சிக்கனமா இருப்போம்னு வீட்டுல ரேடியேட்டர எல்லாம் மூடிட்டு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு மாசம் ஓட்டினேன், அடுத்த பில்லும் அதே மாதிரி. அப்புறம்தான் கேட்டேன், எங்க பில்டிங்ல ஹீட்டிங்க வீட்டுக்கு வீடு அளக்கறதே இல்ல, மொத்த பில்ல சதுர மீட்டர் கணக்குல பிரிச்சுடறாங்க. அதாவது நான் நடுங்கிக்கிட்டு இருந்தது எதுத்த வீட்டுக்காரர் ஜட்டியோட உலாத்தறதுக்காக. வீடு பாக்கும்போது போன ஜனவரி, பிப்ரவரி பில்ல காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க, இங்க எல்லாரும் கேப்பாங்க.

கரண்ட்டுலயும் ஒரு கூத்து உண்டு. சந்தை விலை பிளான் எடுத்தா நேரத்துக்கு நேரம் ரேட் மாறும், நாளைய ரேட் இன்னிக்கு மத்தியானமே வந்துடும். 2022 ஆகஸ்ட் 17 சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு சந்தை விலை யூனிட்டுக்கு 4 யூரோ. தப்பா படிக்கல, 4 யூரோ. அன்னிக்கு மாவாட்டற நாள். கிரைண்டர் என்ன பெருசா இழுத்துடப் போகுது, ஆனாலும் மனசு கேக்கல, ராத்திரி பத்து மணிக்கு மேல ஆட்டினோம்.

மாவுன்னதும் ஞாபகம் வருது. இந்த குளிர்ல மாவு பொங்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. பழைய சோவியத் வீடுங்கள்ல பாத்ரூம்ல துண்டு காயப்போட ஒரு பைப் இருக்கும், சுடுதண்ணி அதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், வருஷம் பூரா சூடு. பாத்திரத்த ஒரு துண்டுல சுத்தி அதுக்கு பக்கத்துல ஸ்டூல் மேல வச்சா காலைல பொங்கி வழிஞ்சு நிக்கும். மாமியார் வீடியோ கால்ல பாத்ரூம்ல மாவ பாத்துட்டு ஒரு வாரம் பேசல, அது வேற கதை. தயிர், மோருக்கு இங்க பஞ்சமே இல்ல, கேஃபிர்னு புளிக்க வச்ச பால் ஒண்ணு இருக்கு, அதுல கடுகு தாளிச்சு ஊத்தினா நம்ம நீர்மோருக்கு அண்ணன். தாதர்னு ஒரு தானியம் விக்கும், பக்வீட், அதுல உப்புமா நல்லா வரும். பருப்பு, புளி எல்லாம் இந்தியன் கடைல கெடைக்கும். கறிவேப்பிலைதான் எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா வாட்ஸ்அப் குரூப்ல தகவல் பறக்கும்.

ஜூன் மாசத்த பத்தி நான் சொன்னா நீங்க டிக்கெட் போட்டுடுவீங்க. ராத்திரி பத்தே முக்கால் வரைக்கும் வெளிச்சம், ஜூலை, ஆகஸ்ட் ஆனா காட்டுக்குள்ள யார் வேணா போய் ப்ளூபெர்ரி, காளான் பறிக்கலாம், இந்த ஊர்க்காரங்களே வேற மனுஷங்களா இருப்பாங்க. ஆனா அத நம்பி வேலைய ஒத்துக்காதீங்க, நவம்பர நெனைச்சு முடிவு பண்ணுங்க.

கடைசியா மொழி. இங்கிலீஷ வச்சு தாலின்ல எத்தனை வருஷம் வேணா ஓட்டலாம், அதுதான் பொறியே. அஞ்சு வருஷம் கழிச்சு நீண்ட கால குடியிருப்பு அனுமதி வேணும்னா எஸ்டோனிய மொழில பி1ங்கற நடுத்தர நிலை பரிட்சை பாஸ் பண்ணணும், குடியுரிமைக்கும் அதேதான், அதுக்கு எட்டு வருஷம் இருந்திருக்கணும், இந்திய பாஸ்போர்ட்டயும் விட்டுடணும். மொழில 14 வேற்றுமை. கேட்டா தலை சுத்தும், ஆனா நமக்கு பரவால்ல, "தாலினாஸ்"னா தாலின்ல, "தாலினாஸ்த்"னா தாலின்லேர்ந்து, நம்ம மாதிரியே வாலுதான். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவன் முழிக்கறப்ப நம்ம ஆளுங்க சட்டுனு புடிச்சுக்கறாங்க. எழுத்த எவ்வளவு இழுக்கறதுங்கற மாத்திரை விஷயமும் அப்படித்தான், "லினா"ன்னா துணி, அதையே ஒரு அழுத்து அழுத்தி "லின்னா"ன்னா நகரத்தோட, இன்னும் கொஞ்சம் இழுத்து "லின்ன்னா"ன்னா நகரத்துக்குள்ள. எழுத்துல பின்னது ரெண்டும் ஒண்ணுதான், காதுலதான் வித்தியாசம். ஸ்கூல்ல ஒற்றளபெடைன்னு படிச்சு எதுக்குடா இதுன்னு நெனைச்சேன்ல, இதுக்குத்தான் போல.

இதுல வேடிக்கை என்னன்னா, நான் ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு படிச்சுட்டு நாலாவது மாடி பாட்டிகிட்ட போய் எஸ்டோனியன்ல பேசினேன், அவங்களுக்கு என்னைவிட கம்மியாத்தான் தெரியுது. இப்ப அவங்க ரஷ்யன்ல பேசுவாங்க, நான் எஸ்டோனியன்ல பேசுவேன், அவசரம்னா தமிழ்ல, அது பாட்டுக்கு ஓடுது. வீட்டுக்காரருக்கு பி1 பரிட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, நான் இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன், அவர் சமையல்கட்டுல வெங்காயம் நறுக்கிக்கிட்டே லின்னா, லின்ன்னான்னு சொல்லி பாத்துக்கிட்டு இருக்கார், ரெண்டும் இன்னும் ஒரே மாதிரிதான் கேக்குது.